லேப்டாப்புக்குப் போட்ட பந்தல்

நொச்சிவிளையில் பந்தல் தொழில் செய்கிறவர்கள் நான்கு பேர். இவர்கள் கட்டிய கட்டு அவிழாது என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள் என்றும் பெயர். முதல் பெயரால் அவர்களுக்குத் தொழில் நடந்தது. இரண்டாவது பெயரால் ஊருக்குப் பொழுது போனது.

மூத்தவர் மாசானமுத்து, மற்றவர்களுக்கு அண்ணாச்சி. அடுத்தவர் பலவேசம், யோசிக்கிற வேலை அவருடையது. மூன்றாவது தளவாய், மாசானமுத்துவின் தம்பி. நான்காவது கொம்பையா. அவன் சொன்னால் செய்வான், சொல்லாவிட்டால் நிற்பான். ஒரு வளைகாப்பு வீட்டில் "ரோட்டைப் பார்த்துப் பந்தல் போடுல" என்றார்கள். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே கட்டினான். முடித்துவிட்டுத் திரும்பினால் பாதிப் பந்தல் கிணற்றுக்குள் இருந்தது.

தளவாய்க்கு முப்பத்தாறு வயது. ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணப் பந்தல் போட்டவன். அவன் கல்யாணத்துக்குப் பந்தல் போட யாருக்கும் வாய்க்கவில்லை. மயில்கழுத்து நிறத்தில் ஒரு பந்தல் துணி வைத்திருந்தான். யாருக்கும் வாடகைக்குத் தரமாட்டான். மாதம் ஒருமுறை எடுத்து வெயிலில் போட்டு, அதன் கீழே கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு மடித்து வைப்பான்.

ஆனி மாதத்தில் ஒரு சம்பந்தம் வந்தது. பெண் செண்பகவடிவு. குடும்பம் நம் பக்கத்து ஆட்கள்தான், பிழைப்புக்குப் பம்பாய் போனவர்கள். ரயிலேறி வருமுன் மாப்பிள்ளை முகத்தை வீடியோவில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார்கள். நால்வரிடமும் இருந்த ஒரே போனின் கேமராக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. அதில் பேசினால் பெண் வீட்டாருக்குத் தளவாயின் முகம் ஒன்பது துண்டாகத் தெரியும். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் அப்படித்தான் போனது.

ஆகவே நால்வரும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார்கள்.

கடையில் இருந்த பெண் ஒரு சாமானை எடுத்துக் காட்டினாள். "இது லேப்டாப் அண்ணாச்சி. இப்படிப் பின்னால மடக்குனா டேப்லெட்."

மாசானமுத்து மடக்கிப் பார்த்தார். "டேப்லெட் சரி. லேப்டாப் எங்கம்மா?"

"அதான் இது."

"இதுதான் டேப்லெட்டுன்னு சொன்னியே."

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி."

பலவேசம் அவரைத் தனியே கூப்பிட்டுப் போய்ச் சொன்னார்: "அண்ணாச்சி, இது சீட்டிங். ரெண்டு சாமான்னு சொல்லுதா. ஒண்ணு வந்தா ஒண்ணு போயிருது. ரெண்டையும் ஒண்ணாப் பாக்காம வாங்கப்படாது."

அரைமணிநேரம் மடக்கியும் விரித்தும் பார்த்தார்கள். கொம்பையா மேஜைக்கு அடியில் குனிந்து தேடினான். கடைசியில் தளவாய்தான், "எனக்கு எது வந்தாலும் போதும், வாங்குங்க" என்றான். வாங்கினார்கள்.

கடைப் பெண் பொறுமைசாலி. பம்பாய்க்காரர்கள் கூப்பிட வசதியாக எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்துவிட்டு, விளக்கமும் சொன்னாள். "முதல்ல சார்ஜ் முழுசா ஏறணும். அதுவரைக்கும் தொடாதீங்க. கூப்பிட்டாங்கன்னா பச்சையைத் தொட்டாப் போதும். படம் தானாத் திரும்பும். திரும்ப வேண்டாம்னா இந்தப் பூட்டைத் தொட்டுப் பூட்டிரலாம். பேசும்போது தரையில கூடாரம் மாதிரி நிறுத்திக்கோங்க. அப்போ பின்னால இருக்கிற கீபோர்டு எழுத்தெல்லாம் தூங்கிரும், பயப்படாதீங்க."

நான்கு தலைகளும் ஆடின.

சார்ஜ் ஏறும்வரை தொடக் கூடாது அல்லவா? இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே இடுக்கிப் பிடித்து அதை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கண்டக்டர் கழிகளுக்கு லக்கேஜ் போட்டார். வீட்டில் பிளக்கையும் கழியாலேயே சொருகினான் கொம்பையா. அதற்கு ஒரு சாயங்காலம் ஆனது.

சார்ஜ் ஏறியதும் பலவேசம் செய்த முதல் காரியம், அந்தப் பூட்டைத் தொட்டுப் பூட்டியது. "விலை கூடின சாமான். திறந்து போட்டு வைக்கவா முடியும்?" என்றார். அதை யாரும் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. கூடாரம் மாதிரி நிறுத்தச் சொன்னால், அதைப் பந்தல்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. முற்றத்து மண்ணைத் தட்டிச் சமன் செய்தார்கள். லேப்டாப்பைக் கவிழ்த்த புத்தகம் போல நிறுத்தினார்கள். நான்கு மூலைக்கும் முளை அடித்து, கயிறு இழுத்து, பந்தல் முடிச்சுப் போட்டார்கள். புயல் வந்தாலும் அசையாது. பலவேசம் இரண்டு பக்கமும் இரண்டு வாழைக் கன்றையும் கட்டிவிட்டார், நல்ல காரியம் என்பதால்.

கூடாரம் நின்றதும் பின்பக்கத்து எழுத்துகளின் வெளிச்சம் அணைந்தது.

"தூங்கிட்டு" என்றான் கொம்பையா, குரலைத் தாழ்த்தி.

"சத்தம் போடாத. எழும்பிரப் போவுது" என்று மாசானமுத்துவும் தாழ்த்தினார். அதன்பிறகு அந்த முற்றத்தில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

கூடாரம் மணியடித்தது.

"பச்சையைத் தொடுல!" என்று கிசுகிசுத்தார் மாசானமுத்து.

கொம்பையா ஓடிப்போய் வேப்பமரத்தைத் தொட்டான். மணி நிற்கவில்லை. "வேற பச்சை, வேற பச்சை!" வாழைக் கன்றைத் தொட்டான். பலவேசத்தின் பச்சைத் துண்டைத் தொட்டான். கடைசியில் தளவாய் பதற்றத்தில் கால் இடறி விழ, அவன் மூக்கு திரையில் எங்கோ பட்டது. மணி நின்று பம்பாய் தெரிந்தது.

தெரிந்த பம்பாய் தலைகீழாக இருந்தது.

கூடாரமாகக் கவிழ்த்தால் படம் தானே திரும்பிக்கொள்ளும். பூட்டிவிட்டால் எப்படித் திரும்பும்? ஆனால் நால்வருக்கும் பட்டது வேறு. திரையில் ஒரு பெரியவர், ஒரு அம்மாள், நடுவில் ஒரு பெண், மூவரும் மேலே உட்கார்ந்து, தலை கீழே தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னவே இது?" என்றார் மாசானமுத்து கிசுகிசுப்பாக.

பலவேசம் யோசித்தார். "பம்பாய்ல இடம் கெடையாதுன்னு சொல்லுவாவல்லா அண்ணாச்சி. கீழே ஒரு குடும்பம் இருக்கும். இவிய மச்சுல தொங்கிக்கிட்டு இருக்காவ போல."

"பாவம். பிழைக்கப் போன எடத்துல என்ன பாடு" என்றார் மாசானமுத்து.

பம்பாயில் பெண்ணின் அப்பாவும் குழம்பிப் போயிருந்தார். கேமரா மண்ணோடு மண்ணாக இருந்ததால் அவருக்குத் தெரிந்தது எட்டுக் கால்கள் மட்டும். அவையும் திரையின் மேல் விளிம்பிலிருந்து தொங்கின.

"மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டார். "கால்தான் தெரியுது. கால் இருக்கிற எடத்துல தலை வரச் சொல்லுங்க."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கேட்டீரா?" என்றார் பலவேசம். "அவிய வழக்கப்படி நிக்கச் சொல்லுதாவ. நாம நிமிந்து நின்னா மரியாதை இல்லைன்னு நினைப்பாவல்லா."

"இதை அவிழ்த்துத் திருப்பி வச்சுட்டா என்ன?" என்று தளவாய் மெல்லக் கேட்டான். அன்று அந்த முற்றத்தில் பிறந்த ஒரே புத்தியான யோசனை அது.

மாசானமுத்து அவனை முறைத்தார். "பந்தல்காரன் பேசுற பேச்சால இது? கட்டின கட்டை விசேஷம் முடியாம அவிழ்க்கப்படாது. அவிழ்த்தா அந்த வீட்டுக் காரியம் நடக்குமா? உன் கல்யாணத்துல உனக்கே ஆசை இல்லையா?"

தளவாய்க்கு ஆசை இருந்தது. அதனால் பேசாமல் தலையை மண்ணில் ஊன்றினான்.

ஊன்றியது நிற்கவில்லை; சரிந்தான். ஆனால் சரிகிறதை நிறுத்துவதுதானே இவர்கள் தொழில். "ஒரு நிமிஷம்" என்று பம்பாயிடம் சொல்லிவிட்டு மூன்று சவுக்குக் கம்புகளை நட்டார்கள். தளவாயைத் தலைகீழாக நிறுத்தி, வேட்டியையும் கணுக்காலையும் சேர்த்துக் கம்போடு கட்டினான் கொம்பையா. பெரியவர்கள் நிமிர்ந்து நிற்பது அழகில்லை என்று பலவேசம் சொல்ல, அடுத்த கம்பில் அண்ணாச்சியைக் கட்டினான். அதற்கடுத்ததில் பலவேசத்தை.

"அப்ப என்னைய யாரு கட்டுவா?" என்றான்.

இதைப்பற்றி மூன்று பேரும் தலைகீழாக ஆலோசித்தார்கள். முடிவு கிடைக்கவில்லை. கொம்பையா நின்றபடியே விடப்பட்டான்.

பம்பாயில் இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. மூன்று முகங்கள் நேராக, வரிசையாகத் தெரிந்தன. மூன்று பேருக்கும் முடி நட்டுக்குத்தலாக நின்றது. மாப்பிள்ளையின் சட்டைப் பையிலிருந்து ஒரு சீப்பும் கொஞ்சம் சில்லறையும் மேலே பறந்துபோயின. பின்னால் ஒருத்தன் கூரையில் நடந்துகொண்டிருந்தான்.

"அது யாரு?" என்றார் பெண்ணின் அப்பா, உற்றுப் பார்த்து.

"எங்க கொம்பையா" என்றார் மாசானமுத்து. "அவன் ஒருத்தன்தான் இங்க தலைகீழா நிக்கான். தப்பா எடுத்துக்கிடாதிய."

"ஏன் எல்லாரும் இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க?"

"பின்னால தூங்குதாவ."

பெண்ணின் அம்மாவுக்கு இது பிடித்துப்போனது. "வீட்டுல தூங்குறவங்களுக்காகக் குரலை அடக்கிப் பேசுறாங்க பாருங்க. நல்ல குடும்பம்" என்று கணவரின் காதில் சொன்னார். "ஆனா மாப்பிள்ளை முகம் ஏன் இப்படிச் சிவக்குது?"

"வெட்கம்" என்றார் அவர்.

மாப்பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார் பலவேசம். கொம்பையா சொம்பைச் சாய்த்தான். தளவாயின் வாயில் விழுந்த தண்ணீர் மூக்கு வழியாகக் கண்ணுக்குப் போய், நெற்றியைத் தாண்டி, பம்பாய்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே மேலே ஏறி மறைந்தது. பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

செண்பகவடிவு அதுவரை ஒன்றும் பேசவில்லை. இப்போது திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா? நீங்க தலைகீழா நிக்குறீங்களா?"

"ஆமா" என்றான் தளவாய். பொய் சொல்ல அவனுக்குத் தெரியாது.

"எதுக்கு?"

"நீங்க அப்படி இருந்தீங்கல்லா. அதான்."

"நான் நேராத்தான் உக்காந்திருக்கேன்."

தளவாய் பார்த்தான். உண்மைதான், இப்போது அவள் நேராக இருந்தாள். அவன் கண் கலங்கிவிட்டது. கண்ணீர் நெற்றிப் பக்கம் ஓடியது. "எனக்காகத் திரும்பிட்டீங்களா? எதுக்கு இந்தச் சிரமம்? நான் எத்தனை நாள்னாலும் இப்படியே நிப்பேன்."

செண்பகவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிறுத்த முடியாமல் திரையை விட்டுப் போனாள். சிரித்து முடித்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னாள்: "இதுவரைக்கும் பாத்த மாப்பிள்ளை எல்லாம் வேலை என்ன, வீடு என்னன்னு கேட்டாங்க. இவரு ஒண்ணுமே கேக்காம கவுந்து நிக்காரு. எனக்குச் சம்மதம்ப்பா."

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று முடிவானது. தளவாயின் கால்கள் கம்பின் உச்சியில் கட்டோடு துள்ளின.

"சரில கொம்பையா. கட்டை அவிழு" என்றார் மாசானமுத்து.

கொம்பையா அசையவில்லை.

"அவிழுல!"

"அண்ணாச்சி," என்றான் கொம்பையா, "விசேஷம் முடியாம அவிழ்க்கப்படாதுன்னு நீங்கதான சொன்னிய. விசேஷம் ஆவணியிலல்லா?"

மாசானமுத்து பலவேசத்தைப் பார்த்தார்.

பலவேசம் எல்லாப் பக்கமும் யோசித்தார். "பயல் சொல்லுதது ஞாயம் அண்ணாச்சி."

"ஞாயந்தான்" என்றார் மாசானமுத்து. "இப்ப அவிழ்த்தா தம்பி கல்யாணத்துக்குல்லா கேடு. நிப்போம். ஆவணி என்ன, ஆடி போனா ஆவணி."

"நான் நிப்பேன்" என்றான் தளவாய்.

பேச்சை நிறுத்தச் சிவப்பைத் தொட வேண்டும் என்று யாரும் சொல்லாததால், பம்பாய் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "அப்பா, ஆவணி தாங்காது" என்றது செண்பகவடிவின் குரல். "இன்னைக்கே டிக்கெட் போடுங்க!"

வெயில் ஏறியது. கொம்பையாவுக்கு இரக்கம் வந்தது. யாரும் சொல்லாமல் அவன் வாழ்க்கையில் செய்த முதல் வேலை அதுதான். உள்ளே போய் மயில்கழுத்து நிறத் துணியை எடுத்துவந்தான். நான்கு கால் நட்டு, மூன்று பேருக்கும் மேலே நிழல் விழும்படி சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினான். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அது தளவாய்க்காகவே கட்டப்பட்டது. தூரத்தில் நின்று பார்த்துக் கொம்பையா தன்னையே மெச்சிக்கொண்டான்.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

மாசானமுத்து தொங்கியபடியே நிதானமாகப் பார்த்தார். "என்னல, துணியக் கீழயும் காலை மேலயுமால்லா கட்டியிருக்க? பந்தலே தலைகீழா இருக்கே."

கொம்பையா நம்பவில்லை. குனிந்து தன் கால்களுக்கு இடையே தலையை விட்டுப் பார்த்தான். அண்ணாச்சி சொன்னது சரிதான். பந்தல் தலைகீழாகத்தான் இருந்தது.

"ஐயோ. இப்ப என்ன செய்ய அண்ணாச்சி?"

"என்ன செய்ய" என்றார் மாசானமுத்து. "கட்டியாச்சு. இனி கல்யாணம் முடியட்டும்."