ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓர் ஆஸ்பத்திரி

ஆமணக்கங்குளம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்குக் கிளம்பி வருவார்கள். வழியில் குழம்பி, வேறு ஏதாவது ஊரில் போய்ச் சண்டை போட்டுவிட்டுத் திருப்தியாகத் திரும்பிப் போவார்கள். எதற்கு வம்பு?

அந்த ஊரில் நர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி கிடையாது. நர்ஸ் எஸ்தர் ராணி சாத்தூரிலிருந்து முப்பத்திரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, புளியமரத்தடியில் ஸ்டூல் போட்டு ஊசி போடுவார். மறைப்புக்கு இரண்டு பேர் வேட்டியை விரித்துப் பிடிப்பார்கள். "அங்கிட்டுத் திரும்பி நில்லுங்கப்பா" என்று நர்ஸ் சொன்னால் இரண்டு பேரும் உடனே திரும்புவார்கள். வேட்டியும் அவர்களோடு சேர்ந்து திரும்பிவிடும்.

அந்த வருஷம் ஆனியில் சுகாதார இலாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் ஆஸ்பத்திரிக்கென்று சான்றிதழ் பெற்ற பசுமைக் கட்டடம் ஒன்று ஊரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நர்ஸை ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு மாற்றிவிடுவார்கள். மழை வந்தால் அந்த ஓடையில் கழுத்தளவு தண்ணீர் ஓடும். மேஸ்திரி ஒச்சப்பனின் மகள் முத்துப்பேச்சிக்கு ஐப்பசியில்தான் பிரசவம். அதனால் கட்டட வேலையை ஒச்சப்பனே எடுத்துக்கொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, ஒச்சப்பன் நல்ல மேஸ்திரி. அவர் நூல் பிடித்துக் கட்டிய சுவரில் எலி கூட ஓட்டை போட யோசிக்கும். யாரும் எதையும் விளக்காத வரைக்கும் அவர் வேலையில் ஒரு குறையும் வந்ததில்லை.

விளக்குவதற்குச் சென்னையிலிருந்து ஆலோசகர் நிரஞ்சன் வந்தார். பால் சொசைட்டி வாசலில் எல்லோரையும் உட்கார வைத்து, கையில் ஒரு புத்தகத்தோடு அரை நாள் பேசினார்.

பசுமைக் கட்டடம் என்றதும் பச்சைப் பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அவ்வளவு முட்டாள்கள் இல்லை. இவர்கள் குறிப்பெடுக்கிற முட்டாள்கள்.

"உள்ளூர்ப் பொருள்னா என்ன? ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால இருந்து வர்ற எதையும் மனைக்குள்ள விடக் கூடாது. அவ்வளவுதான்" என்றார் நிரஞ்சன்.

அன்று சாயந்தரமே மனையைச் சுற்றி ஆளுயரத்துக்குப் பனையோலை வேலி போட்டார்கள். ஒச்சப்பனின் மச்சினன் சன்னாசியை வாசலில் காவலுக்கு நிறுத்தினார்கள். சன்னாசிக்கு ஒரே வேலைதான். வருகிற எதையும் பார்த்து "எந்த ஊரு?" என்று கேட்க வேண்டும்.

முதலில் செங்கல் லாரி வந்தது.

"எங்க இருந்து வருது?"

"இந்தா, பக்கத்துச் சூளையில இருந்துதாண்ணே. ஆறு கிலோமீட்டர்."

"நீ எந்த ஊரு?"

"நானா? நாமக்கல்லுண்ணே."

"எறங்கு."

டிரைவர் இறங்கினார்.

"லாரி எந்த ஊருல கட்டுனது?"

"அதுவும் நாமக்கல்தான்."

"டயரு?"

"அதை டயருகிட்டத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு டிரைவர் பீடியைப் பற்ற வைத்தார்.

சன்னாசி குனிந்து டயரைக் கேட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, "சொல்ல மாட்டேங்குது மாமா" என்றார்.

"உள்ளூரா இருந்தா சொல்லியிருக்குமே" என்றார் ஒச்சப்பன். "வெளியூருதான்."

லாரி வெளியிலேயே நின்றது. நாலாயிரம் செங்கல்லும் வேலிக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி உள்ளே போயிற்று. சிமென்ட் ஆலை ஐம்பத்தெட்டாவது கிலோமீட்டரில் இருந்ததால், சிமென்ட் வேண்டாம், மண் சாந்து போதும் என்று முடிவாயிற்று.

அடுத்து கரிமம். நிரஞ்சன் அதை இப்படித்தான் விளக்கியிருந்தார்: "செங்கல் சூளையில வேகுறப்ப வர்ற புகை இருக்கே, அது அந்தச் செங்கல்லுக்குள்ளயே அடங்கியிருக்குன்னு வச்சுக்குங்க. கண்ணுக்குத் தெரியாது. ஆனா அதைக் குறைச்சே ஆகணும்."

சித்தாள் இருளாயி ஒரு செங்கல்லை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"சத்தமே இல்லையே மேஸ்திரி?"

"புகை என்னைக்குத்தா சத்தம் போட்டுச்சு? உடைச்சாத்தான் வெளிய வரும்."

உடைத்தார்கள். ஒன்று, பத்து, நூறு. ஒன்றிலும் புகை வரவில்லை.

"ஒண்ணுமே வரலையே மாமா" என்றார் சன்னாசி வாசலில் இருந்தபடியே.

ஒச்சப்பன் உடைந்த துண்டை மோந்து பார்த்தார். "வரலைன்னா என்ன அர்த்தம்? நாம உடைக்கப் போறோம்னு தெரிஞ்சு முன்னாடியே ஓடியிருக்கு. நமக்கு வேண்டியதும் அதுதானே? குறைஞ்சிருச்சு."

வேலை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் பாதிச் செங்கல்லை உடைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்ததில் கிழக்குச் சுவரை எழுப்பினார்கள். அருமையான சுவர், தூக்குக் குண்டு வைத்துப் பார்த்தால் மயிரிழை விலகாது. அடுத்து மேற்குச் சுவரை ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால் கல் இல்லை.

"சூளைக்குச் சொல்லி விடவா?" என்று கேட்டாள் இருளாயி.

"ஏத்தா, சார் சொன்னதுல நீ தூங்கிட்டியா?" ஒச்சப்பன் குறிப்பேட்டைப் புரட்டினார். "மறுபயன்பாடு. புதுசு வாங்குறதுக்கு முன்னாடி, ஏற்கனவே இருக்குறதை எடுத்துப் பயன்படுத்து."

"ஏற்கனவே எங்க மேஸ்திரி இருக்கு?"

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். இருந்தது. கிழக்குச் சுவரில் அத்தனை கல்லும் வரிசையாக, எண்ணி எடுக்க வசதியாக அடுக்கியே இருந்தது.

மண் சாந்துதானே, சுலபமாகப் பிரிந்து வந்தது. மேற்குச் சுவர் எழும்பியது. பிறகு வடக்குச் சுவருக்குக் கல் வேண்டியிருந்தது. அப்போது மேற்கே ஏற்கனவே இருந்தது.

இப்படியே ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. நர்ஸ் எஸ்தர் ராணி வாரம் ஒரு முறை வேலி வாசலுக்கு வருவார். சன்னாசி வாரம் ஒரு முறை "எந்த ஊரு?" என்று கேட்பார். "சாத்தூரு. முப்பத்திரண்டு" என்று அவரும் சொல்லிவிட்டு உள்ளே போவார். ஒரு நாள் ஊசிப் பெட்டியைக் காட்டி, "இது எந்த ஊரும்மா?" என்று சன்னாசி கேட்டதற்கு, "உன் இடுப்புக்குக் கீழ வரப் போற ஊரு. காட்டவா?" என்றார் நர்ஸ். அதற்குப் பிறகு சன்னாசி பெட்டியைக் கேட்டதில்லை.

உள்ளே வந்து பார்த்த நர்ஸ், "மேஸ்திரியாரே, போன வாரம் சுவரு வடக்க இருந்துச்சே?" என்றார்.

"ஆமாம்மா."

"இப்பத் தெக்க இருக்கு?"

"அதே சுவருதாம்மா. ஒரு கல்லு புதுசு கிடையாது." ஒச்சப்பன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"யோவ், உங்க மகளுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான்யா இருக்கு! இந்த ஒத்தைச் சுவருக்குப் பின்னாடி வச்சா நான் பிரசவம் பாக்குறது?"

ஒச்சப்பன் நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னார். "பாக்கலாம்மா. சுவரு நகர்றப்ப நீங்களும் கூடவே நகர்ந்துக்கிட்டாப் போதும்."

நர்ஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டு அந்த ஒத்தைச் சுவர் மேல் சாய்ந்தார். சாய வேண்டாம், நாளைக்கு அது கிழக்கே போகிறது என்றார்கள்.

தண்ணீர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கே எரிச்சலாக வருகிறது. எவ்வளவு தண்ணீர் எடுக்கிறோமோ அவ்வளவையும் பூமிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பெயர் நிகர பூஜ்ஜியம் என்று நிரஞ்சன் சொல்லியிருந்தார். இருளாயி காலையிலிருந்து பொழுது சாயும் வரை கிணற்றில் ஒரு வாளி இறைப்பாள். அதே வாளியைக் கிணற்றிலேயே ஊற்றுவாள். தோள்பட்டை வீங்கி நர்ஸிடம் போனாள். "எதுக்குடி இப்படி?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "பூஜ்ஜியம்னா சும்மாவாக்கா?" என்றாள்.

புரட்டாசி முதல் வாரத்தில், இனி பொறுக்க முடியாது என்று ஒச்சப்பனே உட்கார்ந்து குறிப்பேட்டை முழுக்கப் படித்தார். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி பாக்கி இருந்தது. இயற்கை வெளிச்சம், இயற்கைக் காற்றோட்டம். ஜன்னல் எவ்வளவு பெரிசோ அவ்வளவு மதிப்பெண்.

"எவ்வளவு பெரிசா வைக்கலாம்?" என்று சபையைக் கேட்டார்.

"நாலடி" என்றாள் இருளாயி.

"எட்டடி வச்சா?" என்றார் சன்னாசி.

"இன்னும் மதிப்பெண் கூடும்."

"பன்னெண்டடி?"

"சுவரே பன்னெண்டடிதாண்டா."

"அப்ப அதுதான் முழு மதிப்பெண்ணு மாமா."

கடைசிச் சுவரும் ஜன்னலாயிற்று.

மறுநாளே நிரஞ்சன் சோதனைக்கு வந்து இறங்கினார். சன்னாசி வாசலை மறித்தார்.

"எந்த ஊரு?"

"என்னப்பா, என்னைத் தெரியலையா? நான்தானே உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். சென்னை."

"சென்னை எத்தனை கிலோமீட்டரு?"

"ஐநூத்திப் பத்து இருக்கும்."

"அப்பச் சொல்லிக் கொடுத்தபடி வெளியவே நில்லுங்க சார்."

நிரஞ்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் ரயிலைப் பிடிக்க வேண்டும். படிவத்தை எடுத்து, வேலிக்கு வெளியே இருந்து கத்திக் கத்திக் கேள்வி கேட்டார். ஒச்சப்பன் உள்ளே இருந்து கத்திக் கத்திப் பதில் சொன்னார்.

"மின்சாரம் எவ்வளவு செலவாகுது?"

"ஒண்ணுமே ஆகலை சார்!"

"கட்டுமானக் கழிவு வெளிய போச்சா?"

"ஒரு கூடை கூடப் போகலை!"

"பகல்ல உள்ள வெளிச்சம் எப்படி?"

"கண்ணு கூசுது சார்!"

"காற்றோட்டம்?"

"தொப்பி பறந்துரும் சார்!"

"கோடையில உள்ளயும் வெளியயும் வெப்ப வித்தியாசம் எவ்வளவு?"

"வித்தியாசமே இல்ல சார்!"

நிரஞ்சன் வேகவேகமாக மதிப்பெண் போட்டார். பதினெட்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கட்டடத்தை அவர் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை. படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்வி இருந்தது. கட்டடம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி மட்டும் இல்லை. எல்லாம் படித்தவர்கள் தயாரித்த படிவம்.

பத்தாம் நாள் பிளாட்டினம் சான்றிதழ் வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டு, பொன்னெழுத்தில். கூடவே இன்னொரு கடிதம்: சான்றிதழ் கிடைத்துவிட்டதால் நர்ஸ் ஆமணக்கங்குளத்திலேயே இருப்பார். சான்றிதழ் நனையாமல், பூட்டுள்ள அறையில், பொறுப்பான ஒருவர் காவலில் வைக்கப்பட வேண்டும்.

ஊரே கை தட்டியது. சான்றிதழைத் தூக்கிக்கொண்டு மனைக்குப் போனார்கள். சன்னாசி மறித்தார்.

"எந்த ஊரு?"

உறையைத் திருப்பிப் பார்த்தார்கள். சென்னை.

"உள்ள விட முடியாது."

அவர் சொன்னது நியாயம்தான், யாருக்கும் கோபம் வரவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சான்றிதழ் நனைந்தால் எல்லாம் போச்சு. வேலிக்கு வெளியே, புளியமரத்துப் பக்கத்தில் அதற்கு ஒரு ரூம் கட்டிவிடுவது என்று ஒச்சப்பன் முடிவு செய்தார்.

"அதுக்கு என்னென்ன விதி மேஸ்திரி?" என்று கேட்டாள் இருளாயி.

"இதுக்கு என்னத்தா விதி? இது பசுமைக் கட்டடமா? சும்மா ரூமு."

ஒன்பதே நாளில் ரூம் எழும்பிவிட்டது. வாங்கிய செங்கல் வாங்கியபடி, சிமென்ட் வைத்து, நாலு பக்கமும் ஒரே சமயத்தில் நின்ற சுவர். ஓட்டுக் கூரை, இரண்டு ஜன்னல், தாழ்ப்பாள் போட்ட கதவு. உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. கதவுக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்துச் சான்றிதழை மாட்டினார்கள்.

காவலுக்கு யார் என்பதில்தான் தகராறு. ஆளாளுக்கு வேலை இருந்தது.

"நான் இருக்கேன்" என்றார் எஸ்தர் ராணி, ரூமையே பார்த்துக்கொண்டு. "எனக்கென்ன, மரத்தடியில சும்மாதானே உக்காந்திருக்கேன். மேசை, கட்டில் மட்டும் உள்ள போட்டுத் தாங்க. சான்றிதழைப் பாக்க வர்றவங்களுக்கு வேணும்ல?"

அவருடைய நல்ல மனசை ஊரே மெச்சியது. அன்றிலிருந்து காய்ச்சல்காரர்களும் இருமல்காரர்களும் வரிசையாகச் சான்றிதழைப் பார்க்கப் போனார்கள். போனவர்கள் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வலிக்குது என்றார்கள்.

ஐப்பசி ஏழாம் தேதி மழை கொட்டியது. ஓடையில் தண்ணீர் கரை தட்டிப் போயிற்று. இடுப்பு வலி எடுத்த முத்துப்பேச்சியைச் சான்றிதழ் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நர்ஸ் கதவைச் சாத்தினார். ஒச்சப்பன் புளியமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றார். மத்தியானம் மழை விட்டபோது குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. நர்ஸ் பச்சைப் பிள்ளையைத் துணியில் சுற்றி ஒச்சப்பன் கையில் கொடுத்து, "பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றார். காலி மனைக்குள் புகுந்து போனால் வீடு கிட்டம். ஒச்சப்பன் வேலி வாசலுக்கு வந்தார்.

சன்னாசி இன்னும் காவலில்தான் இருந்தார். போதும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"எந்த ஊரு?"

"டேய், என் பேத்திடா! இந்தா இங்க, இருபதடி தள்ளிப் பொறந்தது."

"செஞ்ச இடம் சரி மாமா. பொருளு எங்க இருந்து வந்துச்சு?"

ஒச்சப்பன் பேத்தியின் முகத்தைப் பார்த்தார். "மக உள்ளூரு..."

"மாப்பிள்ளை?"

"தூத்துக்குடி. எண்பத்தாறு." மேஸ்திரியின் குரல் இறங்கிவிட்டது.

சன்னாசி குழந்தையைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பின்னாலேயே வந்த இருளாயியும் எட்டிப் பார்த்தாள். "காது நம்ம காது. கை காலு நம்மதுதான். மூக்கு மட்டும் மாப்பிள்ளை மூக்கு, அப்படியே தூத்துக்குடி."

"அப்ப மூக்கு உள்ள வர முடியாது" என்றார் சன்னாசி.

ஒச்சப்பன் தகராறு செய்யவில்லை. பிளாட்டினம் வாங்கிய மனை, தன்னால் அதற்கு ஒரு கெட்ட பெயர் வரக் கூடாது. வேலிக்கு உள்பக்கமாக நின்று, குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து உயரத் தூக்கி, மூக்கை மட்டும் வேலிக்கு வெளியே நீட்டியபடி ஓரமாகவே ஒவ்வோர் அடியாக நடந்தார். வெளிப்பக்கம் சன்னாசி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூக்கு உள்ளே போகிறதா என்று பார்த்தபடி கூடவே வந்தார்.

மூலை திரும்புகிற இடத்தில் குழந்தை தும்மியது.

எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

"எங்கடா விழுந்துச்சு?" என்றார் ஒச்சப்பன்.

சன்னாசி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெளியதான் மாமா. நீங்க நடங்க."