எல்லோருக்கும் ஒரே பெயர் வைத்த வாசல்

ஒரு நகராட்சி அலுவலகக் கணினிக்குள் ஒரு பாதை வாழ்ந்து வந்தது. ஜாவா என்னும் கணினி மொழியில் எழுதிய பாதை. ஊர்மக்கள் கைபேசியில் அனுப்பும் குடிநீர்ப் புகார்களைச் சுமந்துபோய், ஆணையரின் கோப்புறையில் சேர்ப்பது அதன் வேலை. கோப்புறை வாசலில் எழுத்தன் நின்றான். வரும் செய்திக்கு ஒரு பெயர் கொடுத்து, கோப்பாக்கி உள்ளே வைப்பது அவன் பொறுப்பு.

ஒரு காலையில் உப்புக்கிடங்குத் தெருவிலிருந்து ஒரு செய்தி ஏறியது. பிலோமினா அனுப்பியது. குழாயில் சாக்கடை கலந்து வருகிறது, மகள் மஞ்சள் காமாலையில் அரசு மருத்துவமனையில் கிடக்கிறாள், தெருவே அதைத்தான் குடிக்கிறது, குழாயைச் சரிசெய்யுங்கள் என்பது சேதி. எல்லாச் செய்திகளுக்கும் போல அதன் நெற்றியிலும் தெரு, தேதி, நேரம் எழுதியிருந்தது.

"கொஞ்சம் சீக்கிரம் போயேன்" என்று பாதையை விரட்டியது செய்தி.

"என் முதுகுல ஏறுற எல்லாருக்கும் அவசரம்தான். பேசாம வா" என்றது பாதை.

வாசலில் எழுத்தன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உன் பேரு புகார். உள்ள போ."

"என் பேரு நெத்தியில இருக்குங்க. படிச்சுப் பாருங்க."

"நெத்தியைப் படிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்ல. வர்ற எல்லாத்துக்கும் புகார்னு பேரு வைக்கணும்."

"உள்ள ஏற்கெனவே ஒருத்தர் அதே பேர்ல உக்காந்திருக்காரே?"

"நீ போனா அவர் இருக்க மாட்டார்."

உள்ளே இருந்தது சந்தைப்பேட்டையின் செய்தி. தண்ணீர்த் தொட்டிமேல் மின்கம்பி அறுந்து தொங்குவதைச் சொல்ல வந்தது. "வாம்மா, நீ எந்தத் தெரு..." என்று தொடங்கியது. முடிக்கவில்லை. அதன் இடத்தில் பிலோமினாவின் செய்தி உட்கார்ந்திருந்தது.

"அநியாயமா அழிச்சிட்டீங்களே!"

"அழிக்கல. எழுதினேன். ஒரே பேர்ல ரெண்டு கோப்பு இருக்க முடியாது. பழசு மேல புதுசு."

"வெளிய என்னை அனுப்பின அம்மா காத்துக்கிட்டிருக்காங்க, ஐயா! அவங்க பொண்ணு..."

அதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பச்சை வண்ணம் பூசியதற்கு யாரோ அனுப்பிய பாராட்டு. அதற்கும் புகார் என்றே பெயர் வைத்தான் எழுத்தன்.

ஆணையர் தணிகாசலம் கோப்புறையைத் திறந்தார். வழக்கம்போல ஒரே கோப்பு. படித்தார். "ஊரே பூரிச்சுப் போய்க் கிடக்கு" என்று தேநீரை உறிஞ்சினார்.

குழாயைச் சரிசெய்ய யாரும் வராததால் பிலோமினா நேரில் வந்தாள். குழாய்த் தண்ணீர் நிரம்பிய பாட்டிலை மேசைமேல் வைத்தாள்.

"உங்க தெருவிலேர்ந்து ஒரு புகாரும் வரலையேம்மா" என்றார் ஆணையர்.

"பெற்றுக்கொண்டோம்னு உங்க ஆபீஸ்தான் சார் பதில் போட்டுச்சு. வரலைன்னா, இந்தாங்க, இதுல ஒரு மடக்கு குடிச்சிட்டு வரலைன்னு சொல்லுங்க."

ஆணையர் பாட்டிலைத் தொடவில்லை. பாதையை உருவாக்கிய குபேந்திரனை வரவழைத்தார். அவன் பார்த்தவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கோப்புப் பேரை நிரந்தரமா வச்சிட்டோம் சார். சோதிச்சப்ப ஒரே ஒரு புகாரைத்தான் அனுப்பிப் பார்த்தோம். அது சரியாப் போய்ச் சேர்ந்துச்சு. செய்தியோட நெத்தியில இருக்கறதையே பேரா எடுத்துக்கச் சொல்லிட்டா முடிஞ்சது. ஒரு வரி மாத்தணும், அவ்வளவுதான்."

ஒரே ஒரு புகார் உள்ள ஊருக்காகச் செய்த ஏற்பாடு. அப்படியோர் ஊர் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

வரி மாறியது. எழுத்தன் முதன்முறையாக நெற்றிகளைப் படித்தான். "நீ சந்தைப்பேட்டையா? நீ ரயிலடியா? வாங்க, வாங்க, தள்ளி உக்காருங்க." பிலோமினா மறுபடி அனுப்பிய செய்தி தன் சொந்தப் பெயரோடு உள்ளே போய் அமர்ந்தது. பாதைக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் கோப்புறையைத் திறந்த ஆணையருக்கு முகம் வெளுத்தது. திரை முழுக்கக் கோப்புகள். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. குபேந்திரனைக் கூப்பிட்டார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க? நேத்து வரைக்கும் என் ஊர்ல ஒரே புகார். வெள்ளிக்கிழமை கலெக்டர் கூட்டம். இதைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்றியா?"

"சார், இதெல்லாம் முன்னாடியும் வந்ததுதான். நமக்குத் தெரியாம அழிஞ்சுபோச்சு."

"தெரியாம இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு? இதையெல்லாம் துடைச்சிட்டு பழையபடி மாத்து."

குபேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆணையரைப் பார்த்தான். மாற்றினான்.

கோப்புறை காலியானது. பிலோமினாவின் செய்தி இன்னொரு முறை வந்தது. மகளுக்கு நினைவு தப்பிவிட்டது என்று அதன் உடம்பெல்லாம் எழுதியிருந்தது.

"என் பேரு தெரியுதா, அண்ணே?" என்று கேட்டது.

"தெரியுது. உப்புக்கிடங்குத் தெரு" என்றான் எழுத்தன் குனிந்தபடி. "உன் பேரு புகார். உள்ள போ."

அதற்குப் பின்னால், பச்சைத் தொட்டியைப் பாராட்டி இன்னொரு செய்தி வந்து நின்றது. எழுத்தன் அதன் நெற்றியையும் பார்த்தான். உள்ளே இருந்ததன் நெற்றியையும் பார்த்தான்.

முன்பெல்லாம் அவன் படிக்காமல் அழித்தான். இப்போது படித்துவிட்டு அழித்தான்.