பொடிசைப் பார்க்க வந்த கூட்டம்

குளத்தங்கரைக் குகை ஒன்றில் ஒரு கரடி இருந்தது. பொடிசு என்ற அணில்குட்டியை அது செல்லமாக வளர்த்து வந்தது. காட்டையே மிரட்டும் கரடி, பொடிசு தும்மினால் அழுதுவிடும்.

ஒருநாள் காலையில் பொடிசு நுரை தள்ளிச் சுருண்டு விழுந்தது. கரடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கரையில் நாரை வைத்தியர் இருக்கிறார். தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஆனால் கரடி வாசலைத் தாண்டுவதற்குள் சேதி பரவி, நலம் விசாரிக்கக் கூட்டம் வந்துவிட்டது.

வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் கிளம்புவது அந்தக் காட்டில் பெரிய அவமரியாதை. கரடி பொடிசைக் கிடத்திவிட்டுத் தேன் எடுக்க உள்ளே போனது.

நோயாளிக்கென்று நரி இரண்டு நாவற்பழம் கொண்டுவந்தது. பேச்சு சுவாரசியத்தில் இரண்டையும் தானே தின்றுவிட்டது. மயில், தன் அத்தை வளர்த்த ஓணான் இதேபோல நுரை தள்ளிச் செத்த கதையைச் சொல்லி, அதன் கடைசி மூச்சை நடித்தும் காட்டியது. பயமுறுத்துவதற்காக அல்ல, கரடி மனதைத் தேற்றிக்கொள்வதற்காகத்தானாம்! தேனில் கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டால் நல்லது என்றது காட்டுப்பன்றி. பொடிசுக்கு அல்ல, தனக்கு.

பொடிசுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கரடி பொடிசைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஆனாலும் இஞ்சி தேடியது.

கடைசியாக முள்ளம்பன்றி வந்தது. ஆறுதல் சொல்லத் தெரியாத பிறவி. கட்டிப்பிடிக்கவும் முடியாது.

"காலையில என்ன தின்னுச்சு?" என்று கேட்டது.

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. முள்ளம்பன்றி பொடிசின் படுக்கையைக் கிளறி, பாதி கொறித்த காட்டுக்காய் ஒன்றை எடுத்து இலையில் மடித்துக் கொடுத்தது.

"இதை வைத்தியர்கிட்ட காட்டு. நீ கெளம்பு, இவங்கள நான் பாத்துக்கிறேன்."

"தப்பா நினைச்சுக்குவாங்களே," என்றது கரடி.

"நினைக்கட்டும். பொடிசு செத்தா துக்கம் கேக்கவும் இவங்கதான் வருவாங்க. அப்பவும் நீதான் தேன் குடுக்கணும்."

கரடி பொடிசைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கூடவே துணைக்குப் போகிறோம் என்று எழுந்த கூட்டத்தை, முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்து வாசலிலேயே மறித்தது.

காயைப் பார்த்ததும் வைத்தியருக்கு விஷம் இன்னதென்று தெரிந்துவிட்டது. முறிவு மருந்து கொடுத்தார். சாயங்காலம் பொடிசு கண் திறந்து கரடியின் காதைக் கடித்தது. கரடி தேம்பித் தேம்பி அழுதது.

மறுநாள், தான் தைரியம் சொன்னதால்தான் பொடிசு பிழைத்தது என்று மயில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது. நரிக்கோ ஆத்திரம் தீரவில்லை.

"அந்த முள்ளம்பன்றி உனக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னானா?" என்று கரடியிடம் கேட்டது.

"இல்லை," என்றது கரடி. "அதுக்கு அவனுக்கு நேரம் இல்லை."

துன்பத்தில் இருப்பவரைச் சுற்றி நின்று ஆறுதல் சொல்பவரைவிட, அவர் ஓட வேண்டிய இடத்துக்கு ஓட வழிசெய்பவரே உண்மையான துணை.