மீசையடியில் பிறந்த சொல்

“எங்கள் ‘நே’தான் மூத்தது! இவர்கள் வாயில் போய்த்தான் கெட்டுப்போனது!” என்று ஒல்லாந்த வியாபாரி கத்தினான்.

“போடா! எங்கள் ‘நோன்’ பிறந்தபோது உன் பாஷை தவழக்கூட இல்லை!” என்றான் பிரெஞ்சுக்காரன். ‘நோ’ என்றான் இங்கிலீஷ்காரன். ‘நௌன்’ என்று மூக்கால் அதட்டினான் போர்த்துகீசியப் பறங்கி. நாலு பேர் சண்டையையும் துபாஷி கனகராயன் மூச்சு வாங்காமல் தமிழாக்கிக்கொண்டிருந்தான்.

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். முன்னொரு காலம். ராஜா இருந்தார், அவருக்கு மீசை இருந்தது, அது போதும்.

வினை ஒரு தொப்பியால் வந்தது. ஒல்லாந்தன் தலையிலிருந்த இறகுத் தொப்பியை ராஜா ஆசையாகக் கேட்டார். அவன் “நே” என்றான். அது யார் சொல் என்று மற்ற மூவரும் சண்டைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

“அதற்கு என்னப்பா பொருள்?” என்றார் ராஜா.

கனகராயன் அதை மட்டும் தமிழில் சொல்லத் துணியவில்லை. அந்தச் சபையில் ஒரு வழக்கம்: ராஜா முன்னால் ‘மாட்டேன்’ என்று எவரும் சொல்லக்கூடாது. சொன்னால் கழுதைமேல் ஏற்றி எல்லை தாண்டி விட்டுவிடுவார்கள். ராஜாவுமே தர மனமில்லையென்றால் “பார்க்கலாம்” என்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே பாதி ஊர் கிழடாகிவிட்டது.

“மகாராஜா நீடூழி வாழ்க என்று பொருள்,” என்றார் சபாபண்டிதர் திருமேனிநாதர்.

“பின் தொப்பி எங்கே?”

பண்டிதர் கழுத்தைச் சொறிந்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. “விகடகவி அம்பலத்தாடி இருக்கிறாரே! பொருளையும் பிறந்த இடத்தையும் அவரே சொல்லட்டும்.”

இந்தப் பண்டிதர் லேசுப்பட்டவரல்ல. போன மாதம்தான் ராஜா முன்னிலையில், அம்பலத்தாடியின் மகள் செங்கமலத்தைத் தன் தம்பிக்குப் பெண் கேட்டார். தம்பிக்கு வயது ஐம்பது, பல் மூன்று. மாட்டேன் என்று சொல்ல வழியில்லாமல், “மகாராஜா சித்தம்” என்று தலையாட்டிவிட்டு வந்தார் பெண்ணைப் பெற்றவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்புப் போட்டுச் சமைக்கவில்லை என்று கேள்வி. இப்போது பொருளைச் சொல்லவைத்து அவரைக் கழுதை ஏற்றிவிட்டால் கல்யாணத்தைத் தடுக்க ஆளேது?

“நாளை உச்சிப்பொழுதுக்குள் சொல்லவேண்டும். தவறினால் உத்தியோகம் போய்விடும்,” என்றார் ராஜா.

மறுநாள் அம்பலத்தாடி தனியாக வரவில்லை. பின்னால் அரண்மனை நாவிதர், கத்தியும் கிண்ணமுமாக.

“மகாராஜா, அடியேனுக்கு ஒரு பரிசில் வேண்டும்.”

“கேளும்.”

“தங்கள் மீசையில் இடப்பக்கப் பாதி.”

“பார்க்கலாம்,” என்றார் ராஜா அவசரமாக.

“பார்த்துவிட்டேன் மகாராஜா, அற்புதமாக இருக்கிறது. நாவிதரே, வாரும்!”

நாவிதர் பாவம், கண்ணை மூடிக்கொண்டே சோப்பு நுரையை நீட்டினார். ராஜா இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டு சிம்மாசனத்தின்மேல் ஏறி நின்றார்.

“மாட்டேன்! தரமாட்டேன்!”

அம்பலத்தாடி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “பொருளைத் தாங்களே அருளிவிட்டீர்கள். பிறந்த இடத்தையும் சபை பார்த்துவிட்டது. ஒல்லாந்தருக்குத் தொப்பியடியில், தங்களுக்கு மீசையடியில். தன் ஆசைப்பொருளில் அடுத்தவன் கைவைக்கிற இடமெல்லாம் அதற்குப் பிறந்த ஊர்தான். நாலு தேசத்துக்காரரும் வீணாகத் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம்.”

“வழக்கத்தை மீறி அந்தச் சொல்லைச் சொன்னவரைக் கழுதைமேல்...” என்று துள்ளி எழுந்த பண்டிதர், சொன்னவர் யாரென்று நினைவு வந்து பாதியில் உட்கார்ந்தார்.

“கழுதை வாசலில் தயாராக நிற்கிறது. மகாராஜா எழுந்தருளலாமா?” என்றார் அம்பலத்தாடி.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கியது. வழக்கம் அன்றோடு ஒழிந்தது. “என்ன வேண்டும், கேளும். மீசை தவிர!”

“இந்தச் சபையில் என் மகள் ஒரு வார்த்தை பேசவேண்டும்.”

செங்கமலம் வந்தாள். சபையில் உட்கார்ந்திருந்த பண்டிதரின் தம்பியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். “மாட்டேன்!” என்றாள். கோட்டைப் புறாவெல்லாம் பறந்துவிட்டது.

ஆவணியில் அவளுக்கும் கனகராயனுக்கும் கல்யாணம். அவன்தான் கேட்டான், இவள் மூன்று நாள் “பார்க்கலாம்” என்று அலையவிட்டுத்தான் சம்மதித்தாளாம். ஒல்லாந்தன் கேட்காமலே தொப்பியை மொய்யாக வைத்தான். பண்டிதர் தம்பியோடு பக்கத்து ராஜ்யத்துக்குக் குடிபெயர்ந்தார்.

அந்தக் கழுதையும் வீண்போகவில்லை. அவர்கள் பாத்திரம் பண்டமெல்லாம் அதன்மேல்தான் போயிற்று.