சவரிமுத்து வரைந்த கோடு

"இந்த டிரான்சிஸ்டரும் டூப்ளிகேட்தாம்மா. கடைக்காரன் என் தலையில மிளகா அரைச்சுட்டான்."

புலம்பியவர் சவரிமுத்து. முப்பது வருஷம் பஸ் கண்டக்டர், ஓய்வு பெற்றபின் சீடர்.

கேட்டுக்கொண்டிருந்தவள் ஜெய்த்தூன். ரேடியோ ரிப்பேர் கடைக்காரி. அவருக்கு மகள் வயதுதான், ஆனால் குரு.

வாசலில் பெல் சுவிட்சை அழுத்தினால் அடுப்படியில் விளக்கு மின்ன வேண்டும். அதற்காக அவர் வீட்டிலேயே செய்த சர்க்யூட் பலகை அது. மின்னவில்லை.

மனைவி லூர்தம்மாளுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. அவர் வெளியே கிளம்பினால், திரும்பும்வரை போட்டது போட்டபடி நாற்காலியில் கதவையே பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"என்னென்ன மாத்தினீங்கய்யா?"

"மூணு டிரான்சிஸ்டர். ரெண்டு பல்பு. பேட்டரிகூட புதுசு."

"மாத்தாதது?"

"ஒண்ணும் பாக்கியில்லம்மா."

ஜெய்த்தூன் அவர் கையிலிருந்த நாலாவது டிரான்சிஸ்டரைப் பிடுங்கி மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். மீட்டரை நீட்டினாள்.

"பஸ்ஸுல ஆள் கணக்கு இடிச்சா என்ன செய்வீங்க?"

"முதல் சீட்டுலேர்ந்து தலையை எண்ணுவேன்."

"எண்ணுங்க."

சவரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மீட்டரின் கறுப்பு ஒயரை பேட்டரியின் ஒரு முனையில் மாட்டினார். சிவப்பு ஒயரின் நுனியை மறுமுனையில் வைத்தார்.

"ஒன்பது வோல்ட்."

"அடுத்து."

"சுவிட்ச் தாண்டி... ஒன்பது."

"ம்."

அடுத்தது மின்சாரம் ஓடும் கோடு. செம்புத் தகட்டில் மார்க்கரால் அவரே வரைந்து, அமிலத்தில் முக்கி எடுத்த கோடு. பால்காரர்வரை காட்டிப் பீற்றிக்கொண்ட கோடு.

"வளைவுக்கு முன்னாடி ஒன்பது. வளைவு தாண்டி..."

நுனியை எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"என்னங்கய்யா?"

"ஸீரோ."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். மயிரிழை இடைவெளி. மை ஒழுங்காகப் பிடிக்காத இடத்தில் அமிலம் செம்பைத் தின்றிருந்தது.

"கடைக்காரர்ட்ட என்ன சொல்லட்டும்?" என்றாள் ஜெய்த்தூன்.

வெட்கத்தில் அவர் நிமிரவே இல்லை. சின்னக் கம்பித் துண்டு ஒன்றை இடைவெளிமேல் வைத்து ஈயம் பற்றவைத்தார். சுவிட்சை அழுத்தினார்.

மின்னியது விளக்கு.

"ரைட்! போலாம் ரைட்!"

அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போன ஆட்டோ நின்றே விட்டது. குருவும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் விளக்கை அடுப்படியில் மாட்டிவிட்டு, சவரிமுத்து வேலையே இல்லாமல் கடைத்தெரு போய்த் திரும்பினார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

நாற்காலி காலி. அடுப்படியில் லூர்தம்மாள் கதவுக்கு முதுகைக் காட்டியபடி பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

பெல்லை அழுத்தினார்.

"வர்றேன், வர்றேன்! கருகிடும், சித்த நில்லுங்க!"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் மறுபடியும் அழுத்தினார்.