கருவாட்டு விருந்துக்குப் போன ஈக்கள்

ஒரு சோளக்காட்டில் ஒரு குருத்து ஈ இருந்தது. உடம்பு அரிசியளவு, பேச்சோ ஆனையளவு. அது அதற்கே தெரியும் குழந்தைகளே! "நான் வந்து உட்கார்ந்தால் தூசி என்று ஊதிவிடுவார்கள். ஊதுகிற வாய்க்கு என் பெருமை எங்கே தெரியப்போகிறது?" என்று தன்னையே கேலி செய்து சிரித்துக்கொள்ளும்.

காட்டை ஒட்டி ஒரு பாகற்பந்தல். அங்கே ஒரு பழ ஈ இருந்தது. குளவியைப் போல மினுக்கும் உடம்பு, சிறகில் புள்ளி வேறு. அதைக் கண்டால் மட்டும் குருத்து ஈக்குச் சிரிப்பு வராது, வயிறு எரியும்.

"என் பிள்ளைகள் குடைந்தால் பாகற்காய் அழுகி விழும், தெரியுமா அக்கா?" என்றது பழ ஈ.

"காய்தானே விழும்? என் பிள்ளைகள் குடைந்தால் சோளத்தின் நடுக்குருத்தே காய்ந்துபோகும். நீ சில்லறைத் திருடி, நான் கொள்ளைக்காரி!"

"கொள்ளைக்காரியின் உருவத்தைப் பார்! உன்னையும் என்னையும் ஒரே சாதி என்கிறார்களே, அதுதான் எனக்கு அவமானம்."

அன்று தோட்டக்காரர் பொன்னய்யன் காட்டுக்கும் பந்தலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார். பாட்டிலில் சின்னச் சின்னத் துளைகள். உள்ளே நனைத்த கருவாட்டுத் தூள். அதில் மருந்தும் கலந்திருந்தது.

வாடை வந்ததுதான் தாமதம், "விருந்து! என்னைக் கண்டு பயந்துபோய் வைத்திருக்கிறார்" என்று குதித்தது பழ ஈ.

குருத்து ஈ துளையருகே போய் எட்டிப் பார்த்தது. உள்ளே போன ஈ ஒன்றுகூட வெளியே வரவில்லை. அது மெல்லப் பின்வாங்கியது. "நம் மூஞ்சிக்கு விருந்து ஒரு கேடா? போய்ப் பிழைப்பைப் பார்ப்போம்" என்று திரும்பியது.

"போ அக்கா, போ. பெரியவர்கள் பந்தியில் உனக்கென்ன வேலை?"

அவ்வளவுதான். குருத்து ஈ பழ ஈயை இடித்துத் தள்ளிவிட்டு முதல் ஆளாக உள்ளே நுழைந்தது. பழ ஈ விடுமா? அதுவும் பின்னாலேயே பாய்ந்தது. இரண்டும் தின்றன; சிறகு மரத்துச் சுருண்டு விழுந்தன.

மாலையில் பொன்னய்யன் பாட்டிலைக் கழற்றினார். "இதுல சோளத்து ஈ எது, பாகக்கா ஈ எது?" என்று கேட்டாள் அவர் மனைவி வீராயி.

"எதா இருந்தா என்ன புள்ள? எல்லாம் ஈதான். குழியில கொட்டு."

குற்றுயிராய்க் கிடந்த குருத்து ஈயின் காதில் அது விழுந்தது.

"கேட்டாயா தங்கச்சி? ஒரே கருவாட்டு நாற்றத்துக்கு ஓடிவந்த நாம் வேறு வேறு சாதியாம்! நீயாவது ஏமாந்து வந்தாய். நான் தெரிந்தே வந்தேனே, என்னைவிடப் பெரிய முட்டாள் உண்டா?" என்று சிரித்தது.

பழ ஈ ஏற்கெனவே செத்திருந்தது.

நீதி: யார் பெரியவர் என்ற வீம்பு வந்தால், வந்த புத்தியும் போய்விடும்.