முந்திரி ஆலையில் ஏற்றிய கற்பூரம்

பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஆலை முதலாளி தெய்வநாயகத்தின் மைத்துனர் எம்.பி. தேர்தலில் நின்றார். ஒருநாள் முதலாளி அவரை ஆலைக்கே அழைத்துவந்து, வேலைசெய்யும் பெண்கள் முன்னால் கற்பூரம் ஏற்றினார்.

"என் மச்சானுக்குத்தான் ஓட்டுன்னு எல்லாரும் சத்தியம் பண்ணுங்க. பண்ணாதவங்களுக்கு இங்க வேலை கிடையாது."

பெண்கள் கையைப் பிசைந்தார்கள். கொட்டை உடைக்கும் அஞ்சலாட்சிக்கும் பயம்தான். ஆனாலும் முன்னே வந்து கும்பிட்டாள்.

"பண்றோங்க ஐயா. ஜெயிச்சப்புறம் கட்சி மாறமாட்டேன்னு மொதல்ல இவரு ஒரு சத்தியம் பண்ணட்டும். கற்பூரம் அணையறதுக்குள்ள நாங்களும் பண்ணிடறோம்."

முதலாளி மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் கற்பூரத்தைப் பார்த்தார்.

"சாமி விஷயத்துல விளையாடக் கூடாது மாமா" என்று சொல்லி, துண்டால் விசிறி அதை அணைத்தார்.

தேர்தலன்று பெண்கள் அவரவர் இஷ்டப்படி ஓட்டுப் போட்டார்கள். முதலாளிதான் வாக்குச்சாவடிக்குள் போய், யாருக்குப் போடுவதென்று வெகுநேரம் யோசித்தாராம்.